சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டம்

பெயர் என்ற கட்டத்தில் பத்து எழுத்துத்தான் கொள்ளும்.
ஆங்கிலத்தில் அமலோற்பவத்துக்குப் பதினொன்று.
கடைசி 'ம்' வெளியே நிற்கிறது.
அதற்கடுத்த கட்டம்: தாய்மொழி.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் நகர முடியாது.

காரைக்குடி மெட்ரிக் பள்ளியில்
பதினொரு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன்.
'ஷி டோன்ட் நோ' என்று எழுதிய நோட்டுகளைச் சுழித்துச் சுழித்தே
மாதம் மூன்று சிவப்பு ரீஃபில் தீரும்.
பொய் சொல்ல வரவில்லை.
தமிழ் என்று போட்டேன்.

மறுநாளே பதில்.
ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுகளை மட்டுமே பரிசீலிக்கிறார்களாம்,
என் ஆர்வத்துக்கு நன்றியாம்.
அந்தக் கடிதத்தில் ஒரு ஸ்பெல்லிங் தப்பு.
திருத்தி அனுப்பக் கை துறுதுறுத்தது.

அப்புறம் ஓமன், வியட்நாம்,
சீனாவில் என் வாயில் நுழையாத ஓர் ஊர்
(என் பெயரும் அவர்கள் வாயில் நுழையவில்லை,
கணக்கு நேர்).
ஒருவர் போட்டோ கேட்டார்.
அனுப்பினேன்.
இன்னும் வெளிச்சமாக ஒன்று கேட்டார்.
ட்யூப்லைட்டைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன்.
அனுப்பவில்லை.

சான்றிதழ்களில் முத்திரை வாங்க
மூன்று தடவை பல்லவனில் சென்னைக்கு.
பி.எட். பட்டத்தின் முதுகில் இப்போது
எழுத்தைவிட மை அதிகம்.
செலவுக்கு ஒன்றரைப் பவுன் சங்கிலி அடகில்.
ரசீது எழுதிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்:
"எங்க பாட்டையா மோல்மீன்ல கடை போட்டவுக."
"பர்மாப் பாஷை சுத்தமாப் பேசுவாங்களா?"
"கணக்குச் சுத்தமா இருந்துச்சு" என்றார்
தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் கிர்கிஸ்தான், ஓஷ் என்ற ஊர்.
அவர்களுக்குப் பத்து மணி, எனக்கு ஒன்பதரை.
நாங்கள் வாடகைக்கு இருப்பது
கோட்டையூர்ப் பெரிய வீடொன்றின் பின்கட்டில்.
அன்று பார்த்து முன்கட்டில் ஷூட்டிங்.
ஜெனரேட்டர் இரைச்சல்,
வெள்ளைத் துணி போர்த்திய விளக்குகள்.

திரையில் அய்னூரா.
என் தோளுக்குப் பின்னால் தேக்குத் தூணைப் பார்த்து
ஹோட்டலா என்றாள்.
வாடகை நாலாயிரம் என்றேன். நம்பவில்லை.
மாதிரி வகுப்பு: 'தி' எங்கே வரும், எங்கே வராது.
தொடங்கிய நிமிடத்தில் மெகாபோன் அதட்டியது: சைலன்ஸ்!
உதவி இயக்குநர் பையன் கதவில் தலை நீட்டி
உதட்டில் விரல் வைத்தான்.
பன்னிரண்டு நிமிடம் கிசுகிசுப்பாகவே நடத்தினேன்.
அவள் திரைக்கு மிக அருகில் வந்து
காதைச் சாய்த்துக் கேட்டாள்.
என் வகுப்பில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு பேசினாள்.
அவள் வாக்கியங்களில் 'தி' இல்லை, 'ஏ' இல்லை,
வினைச்சொல் சில இடங்களில் வரவே இல்லை.
சிவப்புப் பேனா மேசையில்தான் கிடந்தது,
மூடி கழற்றவில்லை.

"நேட்டிவ் ஸ்பீக்கருக்கு ஆயிரத்து இருநூறு டாலர்.
உங்களுக்கு எழுநூறு."
கொஞ்சம் நிறுத்தி, கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்து,
"எனக்கு அறுநூறு" என்றாள்.

அதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை.
ஏழு கழுத்தை நெரிக்கும், ஒன்பது கொஞ்சம் மூச்சுவிடும்.
மனசுக்குள் தராசு ஆடியது.
"தொள்ளாயிரம்" என்றேன்.
"உங்களுக்கும் அதே தொள்ளாயிரம் கேட்டதாக
முதல்வரிடம் சொல்லுங்கள்."
அய்னூரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
ஏதோ சொன்னாள், அவள் மொழியில்,
சிரிப்பு பாதியில் உறைந்து நின்றது. நெட் போய்விட்டது.

அக்டோபரில் அங்கே பனி விழுமா என்று
கேட்க மறந்திருந்தேன்.
வட்டி பதினேழாம் தேதி.
முன்கட்டில் யாரோ கத்தினார்கள்:
ஒன் மோர்.